மரக்கடை ராத்தாவும் நிலைப்படி இல்லாத வீடும்

அவர் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடும்.

"தம்பி! ஸ்டுடியோவுல இருக்கீகளா? அம்புட்டையும் அப்படியே போட்டுட்டு ஓடி வாங்க!"

நான் பாஸ்போர்ட் போட்டோவுக்கு யாரையாவது உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, விளக்கைப் போட்டிருப்பேன். அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார். போய்ப் பார்த்தால் ஒரு பழைய கதவின் தாழ்ப்பாளாக இருக்கும்.

"ஒத்த விரலால தள்ளிப் பாருங்க. சத்தம் வருதா? வரல, பாத்தீகளா! யா அல்லா, எந்த மகராசன் செஞ்சானோ!"

பாஸ்போர்ட்டுக்கு வந்தவர் முகத்தில் பவுடரோடு தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்து, சத்தம் வரவில்லைதான் என்று ஒப்புக்கொண்ட பிறகே எங்கள் இருவருக்கும் விடுதலை.

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற சாலையில், என் ஸ்டுடியோவை ஒட்டி இருந்தது அந்தப் பழைய மரக்கடை. இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், தூண், உத்தரம் என்று வாங்கிவந்து விற்பார்கள். கடை அவர் கணவர் பாய் பெயரில்தான் இருந்தது. ஆனால் ஊருக்கு அது ராத்தா கடை. அவர்கள் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். தெருவே அப்படிக் கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன். ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. நழுவுகிற முக்காட்டை ஒரு கையால் இழுத்துவிட்டபடி, இன்னொரு கையால் ஏதாவது ஒரு மரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

அவரால் எதையும் தனியாகப் பார்க்க முடியாது. அதுதான் அவர். ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் பக்கத்தில் இருக்கிற ஆளும் அதைப் பார்த்தாக வேண்டும். "ஒத்தையாப் பாத்தா பாதிதான் தம்பி தெரியும்" என்பார். சரி, பாதி தெரிந்தால் போதாதா என்று எனக்குத் தோன்றும். சொன்னால் அதற்கும் கையைப் பிடித்து இழுப்பார் என்று வாயை மூடிக்கொள்வேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருஷங்கள் அவை. ஃபிலிம் ரோலுக்கு இன்னும் மரியாதை இருந்தது. எங்கள் ஊரில் யாராவது உரக்கக் கத்தினால் நாங்கள் முதலில் கத்தின ஆளைப் பார்ப்பதில்லை, வானத்தைத்தான் பார்ப்போம், எந்தப் பக்கமாவது புகை தெரிகிறதா என்று. பட்டாசு வேலைக்கு ஆள் அனுப்பாத வீடு கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு நாள் மத்தியானம் ராத்தா "ஐயோ! ஐயோ! வாங்க!" என்று போட்ட கூப்பாட்டில் தெருவே வெளியே ஓடி வந்துவிட்டது. டீக்கடைக்காரர் பால் பாத்திரத்தோடு நின்றார். நாரணாபுரம் பக்கம் மகள் வேலைக்குப் போயிருந்த ஒரு பெண், கேட்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். விஷயம் என்னவென்றால், ஒரு பழைய ஊஞ்சல் பலகைக்கு அடியில் ஆசாரி மயில் ஒன்று செதுக்கியிருந்தார்.

"யாரும் பாக்காத எடத்துல செதுக்கியிருக்கான், பாருங்களேன்!" என்று பலகையைப் புரட்டிக் காட்டினார். தெரு முழுக்க அவரைத் திட்டியது. அழுத பெண்ணை மடியில் சாய்த்துக்கொண்டு, "எம் புத்தியச் செருப்பால அடிக்கணும், இனிமே கத்த மாட்டேன்" என்று ராத்தாவும் அழுதார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணே மயிலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் ராத்தா மறுபடி கத்தினார்.

இந்தக் குணத்தோடு வியாபாரம் உருப்படுமா? வாங்கப் போகிறவன் பொருளில் குறை சொல்ல வேண்டும். "செல் அரிச்சிருக்கே, வெடிப்பு விட்டிருக்கே" என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். பாய் அதில் கெட்டிக்காரர். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு, தூண்களை விலை பேசப் போனோம். போட்டோ எடுக்க என்று என்னையும் இழுத்துப் போயிருந்தார்கள். பாய் முகத்தைச் சுளித்து, பாதி விலைக்குப் படிய வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ராத்தா தூணைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி, இது பர்மாத் தேக்கு! இதை விக்கிறீகளே, உங்களுக்கு நல்லா இருக்கா? காதை வச்சுக் கேளுங்க!"

வீட்டுக்காரர் காதை வைத்துக் கேட்டார். வீட்டுக்காரரின் மனைவியும் கேட்டாள். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வீட்டை இடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேனில் திரும்பும்போது ராத்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அந்த வீடு தப்பிச்சிருச்சு பாத்தீகளா!"

"வீடு தப்பிச்சிருச்சு. நாமதான் தப்பிக்கல" என்றார் பாய். வழி முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

பாய் அதிகம் பேச மாட்டார். அவர் முதுகிலும் இடது தோளிலும் பழைய தீக்காயத் தழும்பு உண்டு. சின்ன வயதில் பட்டாசுத் திரி காயப்போட்டிருந்த இடத்தில் பட்டது. சட்டையில்லாமல் அவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தது, டாக்டர் வீட்டுக்குப் போன அன்றுதான்.

டாக்டர் வீடு சிவகாசிக்குள்ளேயே, பழைய தெரு ஒன்றின் முனையில் இருந்தது. டாக்டர் எப்போதோ காலமாகிவிட்டார். தீப்பெட்டியும் பட்டாசும் இந்த ஊரைப் பிடித்துக்கொண்ட தொடக்க காலத்தில் தீக்காயத்துக்கென்றே வைத்தியம் பார்த்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். வீடு பூட்டிக் கிடந்தது. பேரன்மார் அதை ஒரு கல்யாண மண்டபத்துக்காரருக்கு விற்கப் பேசிவிட்டார்கள். தீபாவளி சீசன் முடிந்ததும் இடிப்பு. மரச்சாமானை விலை பேச எங்களை வரச் சொன்னது டாக்டரின் பேத்தி. மதுரையில் பள்ளி ஆசிரியை, ஓய்வு பெறப் போகிற வயது.

ராத்தா உள்ளே நுழைந்ததும் முதல் தடவையாக அவர் முகம் தொங்கியதைப் பார்த்தேன். செதுக்கு வேலை ஒன்றுகூட இல்லை. தூண் இல்லை. எல்லாம் சாதாரண மரம்.

"என்னம்மா இது, டாக்டர் வீடுன்னீக! வாசலுக்குப் படி இல்ல, சரிவு விட்டிருக்கு. மாட்டு வண்டி உள்ள போற அளவுக்குக் கதவு. நிலைப்படியே இல்லையே! படி இல்லாம ஒரு வீடா?"

"சரிவு தாத்தா காருக்குன்னு சொல்வாங்க" என்றார் பேத்தி.

"தரையாச்சும் மட்டமா இருக்கா? பின்பக்கம் சாயுது. கொத்தனாருக்கு ரசமட்டம் பிடிக்கத் தெரியல போல."

உண்மையில் அப்படித்தான் இருந்தது. ஒரு கோலிக்குண்டை முன்னறையில் விட்டால் பின்னறைக்கு உருண்டு போய்விடும். அங்கிருந்து தண்ணீர் போக ஒரு வாய்க்கால், அது போய்ச் சேருகிற கொல்லையில் கவனிப்பாரில்லாத நாலைந்து வாழைகள். வானம் பார்த்த எங்கள் ஊரில் வாழை நிற்பதே பெரிது.

"வாழை இலையிலதான் ஆளைப் படுக்க வைப்பாங்களாம்" என்றார் பேத்தி. "துணியில படுத்தா ஒட்டிக்குமே, அதுக்காக."

"ஆமா" என்றார் பாய்.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தழும்பைப் பேத்தியிடம் காட்டி, மெதுவாகச் சொன்னார்.

"இங்கனதான் கெடந்தேன், சின்னப் பிள்ளையில. வண்டியில போட்டுக் கொண்டாந்தாக. வண்டி குலுங்குன ஒவ்வொரு குலுக்கலுக்கும் உசிரு போயிட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் எலை. குளுகுளுன்னு. நடுவுல வீட்டுக்குள்ள எப்படி வந்தேன்னு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

ராத்தா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷ வாழ்க்கையில் அவரிடமே பாய் இதைச் சொன்னதில்லை என்று பிறகு தெரிந்தது. அடுத்த நிமிஷம் பேத்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இந்த மனுசனை எனக்குத் தந்த வீடும்மா இது! இதை இடிக்கக் கூடாது. நான் இதுல ஒரு சட்டத்தக்கூடத் தொட மாட்டேன்."

அண்ணன்மார் சொன்னதால்தான் எங்களைக் கூப்பிட்டாரே தவிர, பேத்திக்கும் இடிக்க மனமில்லை. ஓய்வு பெற்றதும் அங்கேயே வந்து இருந்துகொள்ள ஆசை. அண்ணன்மாரிடம் மன்றாடி ஒரு வாக்கு வாங்கியிருந்தார். கட்டடக்கலைக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் மாணவர்களோடு வந்து பழைய வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இதைப் பாதுகாக்க வேண்டிய பாரம்பரிய வீடு என்று எழுதிக் கொடுத்தால் விற்பதில்லை. இல்லையென்றால் மண்டபம்தான்.

ராத்தாவுக்குத் தூக்கம் போயிற்று. "இந்த மொட்டை வீட்டை அவுக எங்கிட்டு எளுதப் போறாக?" என்று என் ஸ்டுடியோவில் வந்து புலம்பினார். பிறகு ஒரு நாள் காலை, "தம்பி! கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்திக்கொண்டு வந்தார். எதிர்க்கடைக்காரர் வழக்கம்போல வானத்தைப் பார்த்தார்.

கடையின் உள்ளறையில் ஒரு வாசல் நிலை இருந்தது. செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்தது. மேல்சட்டத்தில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கொடி, கொடிக்குள்ளே கிளிகள், கீழே முழங்கால் உயரத்துக்கு நெருங்கின ஒரு கனத்த படி. சென்னையிலிருந்து ஓட்டல்காரர்கள் வந்து கெஞ்சியும் கொடுக்கவில்லை. பாய் கோபித்தும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அவர் போயிருக்கிற நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு எனக்கும் தெருவில் போகிறவர்களுக்கும் அதைக் காட்டிக்கொண்டிருப்பார். அதைத்தான் டாக்டர் வீட்டுக்கு வைத்துவிடுவது என்று முடிவு.

"வாசல் மொட்டையா இருந்தா வீட்டுக்கு ஏது மதிப்பு? இது நின்னா போதும், எளுதிருவாக."

பேத்தி முதலில் தயங்கினார். ராத்தாவின் வேகத்துக்கு முன் யார் தயங்கி நிற்க முடியும்? ஆசாரியும் கொத்தனாரும் வந்தார்கள். முன்னறையில் கிடந்த டாக்டரின் கயிற்றுக் கட்டிலைப் போர்ட்டிகோவுக்குத் தூக்கிவந்தார்கள். கட்டில் மேல் மருந்துக் குப்பிகள், பீங்கான் கிண்ணங்கள், கத்தரிகள் என்று குவிந்திருந்ததை எடுக்கக்கூட இல்லை, அப்படியே நால்வர் ஆளுக்கொரு காலாகப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். அகலமான வாசலின் நடுவில் புது நிலையை நிறுத்தி, இரண்டு பக்கமும் செங்கல் வைத்துப் பூசினார்கள். நானும் சும்மா சொல்லக்கூடாது, வீடு அரண்மனையாகிவிட்டது. ஒரு ரோல் முழுவதும் அந்த வாசலையே எடுத்தேன். தெருவில் போனவர்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ராத்தா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தது பார்த்தபடி நின்றார்.

பேராசிரியர் வந்த அன்று ராத்தா புதுப் புடவை. பாய் எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கி வைத்திருந்தார். பேராசிரியர் காரை விட்டு இறங்கியதும் நேராக நிலையிடம்தான் போனார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளிகளைத் தடவினார். "அருமை" என்றார். மாணவர்கள் அளந்தார்கள். ராத்தா என் முழங்கையைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கிவிட்டார்.

"டாக்டர் பயன்படுத்தின பொருள் எதாவது இருக்கா?" என்று கேட்டார் பேராசிரியர்.

கட்டிலையும் குப்பிகளையும் உள்ளே எடுத்துப் போய் வைத்துக் காட்டலாம் என்றார் பேத்தி. நிலையைச் சரிபார்க்க வந்திருந்த ஆசாரியும் கொத்தனாரும் இன்னும் இரண்டு பேரும் கட்டிலைத் தூக்கினார்கள். நிலைக்குள் கட்டில் நுழையவில்லை. கால்கள் இரண்டு பக்கமும் முட்டின. முன்னால் இருந்தவர் படியில் இடறி, ஒரு பீங்கான் கிண்ணம் கீழே விழுந்து உடைந்தது.

"சாமானை எல்லாம் எறக்கி வச்சிட்டு, கட்டிலைச் சாச்சுக் கொண்டு போவோம் ராத்தா" என்றார் ஆசாரி.

"ஏன் சாய்க்கணும்? அன்னைக்கு இதே சாமானோட நேரா வெளிய கொண்டாந்தீகளே?"

"அன்னைக்கு நிலை இல்லையே."

"அதுக்கு..." என்று ஆரம்பித்த ராத்தா நின்றுவிட்டார். முக்காடு நழுவி விழுந்தது, இழுத்துவிடவில்லை. கட்டிலைப் பார்த்தார். படியைப் பார்த்தார். பாயைப் பார்த்தார்.

"சாமானை எறக்கிரலாம்" என்றார். "ஆளு படுத்திருந்தா?"

யாருக்கும் புரியவில்லை. அவர் படியைத் தாண்டி உள்ளே ஓடினார். அந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று கைகளை விரித்துப் பார்த்தார். எந்த வாசலிலும் படி இல்லை. எல்லா வாசலும் ஒரே அகலம். பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"தம்பி! இங்கன ஓடி வாங்க! சார், நீங்களும் வாங்க! களுவுற தண்ணி தானா ஓடணும்னு தரையச் சாச்சிருக்காரு! அந்தத் தண்ணியிலதான் வாளை மரம் வளத்திருக்காரு! யா அல்லா! ரசமட்டம் தெரியாத கொத்தனாருன்னு சொன்னேனே, இந்த வாயக் கொளுத்த! காருக்குச் சரிவா? ஆளோட தூக்கிட்டு வர்ற கட்டிலுக்குச் சரிவு! எங்கயும் ஒரு குலுக்கல் கூடாது, அம்புட்டுத்தான். அதான் இந்த மனுசனுக்கு உள்ள வந்தது ஞாபகம் இல்ல!"

வெளியே வந்தவர் கொத்தனாரின் கடப்பாரையை எடுத்து ஆசாரியிடம் நீட்டினார்.

"பேத்து எடுங்க."

"அம்மா, என்ன செய்றீங்க!" என்று குறுக்கே வந்தார் பேராசிரியர். "இந்த வீட்டிலேயே எழுதக்கூடிய ஒரே பொருள் இந்த நிலைதான்."

"அது இந்த வீட்டுப் பொருள் இல்ல சார். எங் கடைச் சரக்கு. போன வாரம்தான் நான் வச்சேன்."

பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேராசிரியரின் முகம் கறுத்துப்போனது. "எங்களை ஏமாத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டவர், மாணவர்களிடம் டேப்பைச் சுருட்டச் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.  இந்தப் பாவிமகள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வீடு தப்பித்திருக்குமே என்று அந்த நேரத்தில் ராத்தா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

ராத்தா காருக்கு முன்னால் போய் நின்றார்.

"தப்புதான் சார். என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போங்க. பாக்காமப் போயிராதீக."

அதற்குள் பாய் கடப்பாரையை வாங்கிவிட்டார். சட்டையைக் கழற்றிப் போர்ட்டிகோச் சுவரில் போட்டுவிட்டு முதல் குத்தை அவரே குத்தினார். அந்த முதுகைப் பார்த்துத்தான் பேராசிரியர் நின்றார் என்று நினைக்கிறேன். செங்கல் பெயர்ந்தது. நிலை வர மறுத்தது. கடைசியில் அது சரிந்தபோது மேல்சட்டம் கஜலட்சுமியின் குறுக்கே படீரென்று பிளந்தது. நான்தான் "ஐயோ" என்றேன். ராத்தா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. விளக்குமாற்றை வாங்கி வாசல் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

கட்டிலில் இருந்த சாமான்களை இறக்கச் சொன்னார். கொல்லையிலிருந்து இலை அறுத்துவரச் சொல்லிக் கயிற்றின் மேல் பரப்பினார். பிறகு பேராசிரியரைப் பார்த்தார்.

"படுங்க சார்."

"நானா?"

"கண்ண மூடிக்கிடுங்க. வாசல் எப்ப வருதோ அப்பக் கையத் தூக்குங்க. தூக்கிட்டீகன்னா நானே உங்க காருக் கதவத் தெறந்து விடுறேன்."

மாணவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றினார். கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு இலை மேல் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார். பாயும் நானும் தலைமாட்டைப் பிடித்தோம், ஆசாரியும் கொத்தனாரும் கால்மாட்டை. போர்ட்டிகோ நிழலிலிருந்து சரிவில் ஏறினோம். நான்கு பேருக்கும் கால் தரையைத் தேடவே இல்லை. தலையைக் குனியவில்லை, தோளை ஒடுக்கவில்லை. ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். அவர் பேசாமல் நடந்ததை அன்றுதான் பார்த்தேன். முன்வாசல் போயிற்று. முன்னறை போயிற்று. இன்னொரு வாசல் போயிற்று. பின்னறையில், வாய்க்கால் பக்கத்தில் கட்டிலை இறக்கி வைத்தோம்.

பேராசிரியரின் இரண்டு கைகளும் இலை மேலேயே கிடந்தன.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார், கண்ணைத் திறக்காமல்.

 ராத்தா பாயின் தழும்புத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். பேராசிரியர் கண்ணைத் திறந்தார். உத்தரத்தைப் பார்த்தார், கொல்லைக் கதவு வழியாகத் தெரிந்த வாழையைப் பார்த்தார், தாண்டி வந்த வாசல்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, தெருவில் நிற்கிற மாணவர்களுக்குக் கேட்கும்படி உரக்கக் கத்தினார்.

"டேய், எல்லாரும் ஓடி வாங்க! ஒவ்வொருத்தரா வந்து இதுல படுங்க!"